தொடக்கம் இல்லாத வளையம்

லாஸ் வேகஸ் நகரத்துக்கு வடக்கே, கார்ப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட பெரிய மைதானம் ஒன்று இருக்கிறது. 2011 முதல் அங்கே நடைபெற்று வரும் எலெக்ட்ரிக் டெய்ஸி கார்னிவல் என்னும் நடன இசை விழாவுக்கு முதல் முறையாகப் போகிறவர்கள், மாலையில் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரையில் ஓயாத அந்த ஒலிப் பிரவாகத்தையும், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மேடைகளையும், லேஸர் கதிர்களையும் கண்டு பிரமித்துப் போவது இயற்கை. அந்தப் பிரமிப்பிலேயே இரவு முழுவதும் கழிந்துவிடுவதும் உண்டு. ஆனால் அந்த விழாவின் உயிரைப் பார்க்க விரும்புகிறவர்கள், மேடையைவிட்டுக் கண்ணை எடுத்து, பக்கத்தில் நிற்பவருடைய மணிக்கட்டைப் பார்க்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில், வண்ணப் பிளாஸ்டிக் மணிகளை எலாஸ்டிக் நூலில் கோத்த வளைகளை அடுக்கடுக்காக அணிந்திருப்பார்கள். காண்டி என்று அவற்றைச் சொல்லுகிறார்கள். கடையில் வாங்கிய காண்டிக்கு அங்கே மதிப்பில்லை. விழாவுக்குப் பல நாள் முன்பிருந்தே வீட்டில் உட்கார்ந்து தம் கையால் கோத்துக்கொண்டு வருவதும், வந்த இடத்தில் முன்பின் அறியாத ஒருவருடன் அதை மாற்றிக்கொள்வதும்தான் வழக்கம். அப்படி மாற்றிக்கொள்வதற்கு ஒரு சம்பிரதாயமும் உண்டு. இருவரும் முதலில் இரண்டு விரல்களை விரித்து நுனியோடு நுனி தொடுகிறார்கள், அது சமாதானம். பிறகு ஆளுக்குப் பாதியாக, ஒற்றைக் கையால் இதய வடிவம் ஒன்றைச் சேர்த்து அமைக்கிறார்கள், அது அன்பு. அப்பால் உள்ளங்கையோடு உள்ளங்கையைப் பதிக்கிறார்கள், அது ஒற்றுமை. கடைசியில் விரல்களைக் கோத்துக்கொண்டு, கோத்த கைகளைப் பிரிக்காமலே, ஒருவர் மணிக்கட்டிலிருந்து மற்றவர் மணிக்கட்டுக்கு வளையைத் தள்ளிவிடுகிறார்கள், அது மரியாதை. இவற்றில் முதல் மூன்று சொற்களையும், 1990-களின் தொடக்கத்தில் புரூக்ளின்வாசியான டி.ஜே. ஃபிராங்கி போன்ஸ் நியூயார்க்கில் நடத்திய இசை இரவுகளோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். நான்காவது பின்னால் வந்து சேர்ந்தது. இந்த நான்கு அசைவுகளையும் முதன்முதலாக யாரோ ஒருவர் என் கையைப் பற்றிச் செய்து காட்டியபோது, இதற்கு ஈடான ஒரு வரவேற்பை நான் எந்தப் பெரிய மனிதர் வீட்டிலும் பெற்றதில்லை என்று தோன்றியது. இன்றும் அப்படியே தோன்றுகிறது.

மின்னணுப் பலகைகளோடு நாளெல்லாம் பழகுகிறவன் ஆகையால், அந்த அநுபவத்தை ஒரு புதிராகச் செய்துவிடவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாயிற்று. விழாக்களில் வைக்கும் ஊடாட்டக் கலைப்பொருள்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். தொட்டால் ஒளிரும், குதித்தால் நிறம் மாறும். தொட்டவர் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். புதிர்களோ பெரும்பாலும் தனி மனிதனுடைய புத்திக்கு வைக்கும் பரீட்சைகள். பக்கத்தில் இருப்பவர் உதவிக்கு வந்தால் விடுவிப்பவருக்குக் கோபம் வரும். நான் விரும்பியது, எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் தனியாக வந்தவருக்கு அவிழாததும், அந்நியர் நால்வர் கூடினால் அவிழ்ந்தே தீருவதுமான ஒரு புதிர். அந்த நிர்ப்பந்தம் காவலாளி வைத்தாற்போல வெளியிலிருந்து வரக்கூடாது; இசையின் சுபாவத்திலிருந்தே வரவேண்டும்.

அதற்கு வழி இந்த இசை பிறந்த கருவியிலேயே இருந்தது. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980-இல் வெளியிட்ட டி.ஆர்-808 என்னும் தாளப் பெட்டியின் அடிவரிசையில், நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை என்று பதினாறு பொத்தான்கள் இருக்கும். ஒரு தாளச் சுற்றைப் பதினாறு சம கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் ஒலி வேண்டுமோ அந்தக் கட்டத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். கருவி சுற்றிச் சுற்றி அதையே வாசிக்கும். உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று அக்காலத்து வாத்தியக்காரர்கள் பலர் அதை ஒதுக்கினார்கள்; சுமார் 12,000 பெட்டிகளோடு உற்பத்தி நின்றது. 1983-இல் வந்த 909-க்கும் விரைவிலேயே அதே கதி நேர்ந்தது. பழைய சாமான் கடைகளுக்கு வந்து விலை இறங்கிய அந்தப் பெட்டிகளைத்தான் சிக்காகோவிலும் டெட்ராய்ட்டிலும் இருந்த கறுப்பின இளைஞர்கள் வாங்கிக்கொண்டுபோய், ஹௌஸ் என்றும் டெக்னோ என்றும் உலகம் இன்று அறியும் இசையைச் செய்தார்கள். கிக் என்னும் அடித்தாளம் 1, 5, 9, 13-ஆம் கட்டங்களில் சமமாக விழும். 5-லும் 13-லும் அதன்மேல் கைதட்டல் சேரும். 3, 7, 11, 15-இல் இடைவெளியை நிரப்பிக்கொண்டு ஹை-ஹாட் சீறும். லட்சம் பேரை ஏககாலத்தில் ஆடவைக்கும் லயத்தின் எலும்புக்கூடு அவ்வளவுதான்.

பதினாறு கட்டங்கள் என்றால் பதினாறு மணிகள்; ஆகவே ஒரு காண்டி வளையே ஒரு தாளத்தின் சுவடியாகிவிடலாம். ஒலிக்கும் கட்டத்துக்கு வண்ண மணி, மௌனக் கட்டத்துக்குக் கறுப்பு மணி. வழக்கமான காண்டி மணிகள் 6 மில்லிமீட்டர் கனமே உள்ளவை. பதினாறு கோத்தால் குழந்தைக் கைக்குக்கூடப் போதாது. 12 மில்லிமீட்டர் உருண்டை மணிகளாக எடுத்துக்கொண்டபோது சுற்றளவு 192 மில்லிமீட்டர் வந்தது. அது பெரியவர்கள் மணிக்கட்டுக்கு ஏறக்குறையப் பொருத்தமான அளவு. கிக்குக்குச் சிவப்பு, கைதட்டலுக்கு ஆரஞ்சு, ஹை-ஹாட்டுக்கு மஞ்சள், பேஸ் என்னும் கீழ்ஸ்தாயிச் சுரத்துக்கு வெள்ளை என்று, 808-இன் பொத்தான் நிறங்களிலேயே நான்கு வகை வளைகளைச் செய்தேன்.

வளைகளை மேஜைமேல் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த முயற்சி முழுவதையும் தாங்கி நிற்கும் விஷயம் எனக்குப் புலப்பட்டது. வளைக்கு முதல் மணி என்று ஒன்று கிடையாது. நான்கு மணிக்கு ஒரு சிவப்பு என்று கோத்த கிக் வளையை எந்த மணியிலிருந்து வாசித்தாலும், தனியாகக் கேட்கும் காதுக்கு அது ஒரே தாளந்தான். அதில் சரி என்றும் பிழை என்றும் சொல்ல இடமே இல்லை. கைதட்டல் வளையும் தனியாக இருக்கும் வரையில் அப்படியே. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் கணத்தில்தான், கைதட்டல் கிக்கின்மேல் விழுகிறதா, ஒரு கட்டம் தள்ளி இடறுகிறதா என்ற கேள்வியே பிறக்கிறது. அதாவது, தாளத்தின் இடம் என்பது அந்தத் தாளத்துக்குள் இல்லை. அதற்கும் அண்டைத் தாளத்துக்கும் உள்ள பரஸ்பர சம்பந்தத்தில் இருக்கிறது. தனி மனிதனால் அவிழ்க்க முடியாத புதிரை எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்த எனக்கு, அது வளையத்தின் கணிதத்திலேயே தயாராக இருந்ததைக் கண்டபோது உண்டான சந்தோஷத்தை இங்கே விஸ்தரிக்காமல் விடுகிறேன்.

ஆகவே வளைகளில் தொடக்கத்தைக் காட்டும் பெரிய மணி எதையும் நான் வைக்கவில்லை. புதிர்ப் பெட்டியையும் அதற்கு இசைவாகவே அமைத்தேன். சதுர மேஜை, நான்கு பக்கத்துக்கும் ஒவ்வொரு வட்டம், வட்டத்தின் நடுவே வளையைப் பொருத்திவைக்க ஒரு மரக்குமிழ், அதைச் சுற்றிப் பதினாறு பொத்தான்கள். வளையைக் குமிழில் மாட்டி, வண்ண மணிகளுக்கு நேரேயுள்ள பொத்தான்களை அழுத்தவேண்டும். கட்டங்களை வாசித்துக்கொண்டு ஓடும் ஒளிப்புள்ளி நான்கு வட்டங்களிலும் ஒரே சமயத்தில் வடக்கு முனையைக் கடக்கும். ஆனால் மேஜையைச் சுற்றி நிற்கும் நால்வரில் ஒருவருக்கு அது அருகிலும், எதிரில் நிற்பவருக்குத் தொலைவிலும், மற்ற இருவருக்கும் பக்கவாட்டிலும் தெரியும். 'என்னைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அங்கே வழியில்லை. எல்லோரும் காதைத்தான் நம்பவேண்டும்.

வளையைத் திருப்பி மாட்டினால் வரிசை தலைகீழாகிவிடுமே என்று யாருக்கும் சந்தேகம் தோன்றலாம். கிக், கைதட்டல், ஹை-ஹாட் மூன்றும் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாதவை. பேஸ் வளைக்கு மட்டும், 3, 3, 4, 3, 3 என்ற இடைவெளிகளில் ஐந்து வெள்ளை மணிகளை வைத்தேன். பிரேஸிலின் போஸா நோவா இசையில் பழகிய நடை அது. வலமாக வாசித்தாலும் இடமாக வாசித்தாலும் ஒன்றாகவே இருக்கும். இப்போது கணக்குப் பார்த்தால், கிக்கை ஒட்டிக் கைதட்டல் நான்கு விதமாக அமையலாம், ஹை-ஹாட்டும் நான்கு விதமாக அமையலாம், அம்மூன்றும் சேர்ந்த சுற்றின்மேல் பேஸ் எட்டு விதமாக அமையலாம், பெருக்கினால் 128. அவற்றில் ஒன்றை மட்டும் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அந்த ஒன்றும் எந்தக் கட்டத்திலிருந்து தொடங்கினாலும் சரி. ஒவ்வொரு வட்டத்தையும் 16 பிட் கொண்ட ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, நான்கு எண்களையும் சேர்த்தே பதினாறு நிலைகளிலும் சுழற்றிப் பார்க்கிறது நிரல்.

கட்டுமான வேலைகளில் சிலவற்றை மட்டும் சொல்லுகிறேன். 64 பொத்தான்களை எட்டுக்கு எட்டு என்று கம்பிச் சட்டமாக இணைத்தால் பதினாறு கம்பிகளே போதும். ஆனால் பலர் ஏககாலத்தில் அழுத்தும்போது, ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் அழுந்தியிருந்தால் நான்காவது மூலையும் அழுந்தியதாகவே கருவிக்குத் தெரியும். ஒவ்வொரு பொத்தானோடும் ஒரு டையோடைச் சேர்த்துப் பற்றவைத்தால் அந்தப் பொய்ச் சேதி நின்றுவிடும். ஒருவர் மட்டும் உபயோகிக்கும் சாதனத்தில் சிக்கனம் கருதி இதை விட்டுவிடுவதுண்டு. இங்கே அது சாத்தியமில்லை. பொத்தான்களுக்கடியில் உள்ள எல்.ஈ.டி. விளக்குகள் டபிள்யூ.எஸ்.2812 ரகத்தவை, முழு வெண்மையில் ஒவ்வொன்றும் 60 மில்லியாம்பியர் இழுக்கும் என்றால் 64-க்கும் சேர்த்து 3.84 ஆம்பியர். பாலைவன இருளில் அவ்வளவு வெளிச்சம் கண்ணுக்கு உபத்திரவம் ஆதலால் கால் பங்குக்குமேல் விடவில்லை. மூளையாக இருப்பது டீன்ஸி என்னும் சிறு பலகை. இந்த விளக்குகளுக்கான சாதாரண நிரல்கள் சேதி அனுப்பும்போது மற்ற வேலைகளை நிறுத்திவைப்பதால் ஒலியில் வெடிப்புக் கேட்கும்; பால் ஸ்டாஃப்ரிஜன் எழுதிய நிரல் அந்தச் சேதியை மூளையைத் தொந்தரவு செய்யாமல் அனுப்புகிறது.

ஒலிகளை நான் பதிவுகளிலிருந்து எடுக்கவில்லை, பலகையிலேயே உண்டாக்கினேன். கிக் என்பது மேலிருந்து மளமளவென்று இறங்கி 50 ஹெர்ட்ஸ் அருகே அடங்கும் ஒரு சைன் அலை. கைதட்டல்தான் மிகவும் அழகிய விஷயம். நாலைந்து பேர் சேர்ந்து தட்டும்போது எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் விழுவதில்லை; சில மில்லிசெகண்டுகள் முன்பின்னாக விழும். அந்தச் சிறு பிசகை வைத்துத்தான் காது அதைக் கூட்டத்தின் கைதட்டல் என்று கண்டுகொள்கிறது. 808-ஐச் செய்தவர்கள் இதை நன்றாகக் கவனித்து, ஒரே இரைச்சலைச் சுமார் 10 மில்லிசெகண்டு இடைவெளியில் மூன்று முறை வெட்டிக் கொடுத்து, கடைசியில் மெல்லத் தேயும் ஒரு வாலைச் சேர்த்தார்கள். நானும் அப்படியே செய்தேன். வேகம் நிமிஷத்துக்கு 125 அடி. ஒரு கட்டத்துக்கு 120 மில்லிசெகண்டு.

சரியான அமைப்பு வந்துவிட்டால் மட்டும் புதிர் அவிழ்ந்துவிடுவதில்லை. இனித்தான் கைகளுக்கு வேலை. பேஸ் ஒலி அது வரையில் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல மங்கியே கேட்கும். மேஜையின் இரண்டு மூலைகளில் கையகல எவர்சில்வர்த் தகடுகள் இருக்கின்றன. முதல்வர் ஒரு தகட்டில் இடக்கையை வைத்து, வலக்கையால் அடுத்தவர் கையைப் பற்ற, அவர் அதற்கடுத்தவரைப் பற்ற, நான்காமவர் மற்றத் தகட்டில் கை வைத்தால், நால்வர் உடலும் சேர்ந்து ஒரு மின்சுற்று முற்றுப்பெறுகிறது. பயப்பட இதில் ஒன்றுமில்லை: 3.3 வோல்ட் பாட்டரி மின்சாரத்தை ஒரு மெகாஓம் தடையின் வழியே விடுவதால், 3.3 மைக்ரோஆம்பியருக்குமேல் யார் உடலிலும் பாய வழியே இல்லை; மனிதன் உணரக்கூடிய மின்னோட்டத்தில் அது முந்நூறில் ஒரு பங்குகூட வராது.

இங்கே ஓர் இயற்கை நியதி எனக்கு மிகவும் உதவியது. விரல் நுனிகள் மட்டும் தொடும்போது ஸ்பரிசப் பரப்புக் குறைவு, ஆகவே தடை அதிகம். உள்ளங்கைகள் பதியும்போது தடை குறைகிறது. விரல்கள் கோத்து இறுகும்போது இன்னும் குறைகிறது. அந்த மாற்றத்தை, பேஸ் ஒலியை மங்கவைக்கும் வடிகட்டியோடு இணைத்தேன். 1987-இல் சிக்காகோவின் ஃபியூச்சர் குழுவினர் 'ஆஸிட் டிராக்ஸ்' என்ற பாடலில், ரோலண்ட் டி.பி-303 கருவியின் குமிழ்களைத் திருகித் திருகி வடிகட்டியை ஓட்டவைத்து, ஆஸிட் என்னும் நெளியும் ஒலியை உலகுக்குத் தந்தார்கள். என் பெட்டியில் அந்தக் குமிழின் ஸ்தானத்தில் நால்வர் கைப்பிடி இருக்கிறது. பிடி இறுக இறுகப் பேஸ் வாய் திறந்து பாடும்; தளர்ந்தால் உள்ளே போய்விடும். ஆளுக்கு ஆள் தோலின் தன்மை வேறு. அதோடு பாலைவனக் காற்றில் கைகள் காய்ந்து தடை ஏறும். ஆகவே அளவை அப்படியே எடுக்காமல், முதல் தொடுதலோடு ஒப்பிட்ட விகிதத்தையே நிரல் கணக்கில் கொள்கிறது. ஜெனரேட்டர்களின் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை மனித உடல் ஆண்டெனாபோல வாங்கிக்கொள்வதனால், விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு அளவுகளைச் சராசரி எடுக்கவேண்டியிருந்தது. ஒரு முழு அலையின் மேடும் பள்ளமும் அதில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எட்டுச் சுற்றுகள், அதாவது 15 விநாடிகளுக்குச் சற்றுக் கூடுதலாக, அந்தச் சங்கிலி அறாமல் நின்றால் மேஜையின் நடுவேயுள்ள இழுப்பறை திறக்கும்.

தென் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் சென்ற வசந்தத்தில் நடந்த சிறிய இசை முகாம் ஒன்றில் பெட்டியை வைத்தோம். வளைகளை மேஜையருகே வைக்காமல், நானும் நண்பர்களும் முகாம் முழுவதும் நடந்து, அந்த நான்கு அசைவுகளையும் செய்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். சிவப்பு வளை பெற்றவர் தனியாக மேஜைக்கு வந்தால் வெறும் கிக்கைக் கேட்டுக்கொண்டு நிற்பார். பிறகு ஆரஞ்சு வளை யார் கையில் இருக்கிறது என்று கூட்டத்துக்குள் தேடிக்கொண்டு போவார்.

இரண்டாம் இரவு நான் பார்த்த ஒன்றைச் சொல்லவேண்டும். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கிக்கை முதலில் நிறுவிவிட்டார். பிறகு வந்த இளம்பெண் கைதட்டல் வளையை மாட்டிப் பொத்தான்களை அழுத்தினாள்; அது கிக்குக்கு இரண்டு கட்டம் தள்ளி விழுந்தது. அவள் முகம் வாடியது. கையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கும் பாவனையில் நகரப் பார்த்தாள். தாடிக்காரர் ஒன்றும் பேசவில்லை. தம் வட்டத்தில் எரிந்த நான்கு சிவப்பு விளக்குகளையும் அணைத்துவிட்டு, இரண்டு கட்டம் நகர்த்தி, அவள் கைதட்டல் இருந்த இடத்துக்குத் தம் கிக்கைக் கொண்டுபோய் வைத்தார். ஹை-ஹாட் வளையோடு நின்றுகொண்டிருந்த பையனும் உடனே தன் மஞ்சள் விளக்குகளை நகர்த்திக்கொண்டான். இருவர் ஒத்துப் போகாதபோது பிழை இன்னாருடையது என்று அந்த வட்டங்கள் சொல்வதில்லை. யார் நகர்ந்தாலும் சரியாகிவிடும். இதை நான் காகிதத்தில் கணக்காக எழுதி அறிந்திருந்தேன். அந்த மனிதர் யோசிக்காமலே செய்து காட்டினார். பேஸ் வளைக்காரர் வந்து சேர அதற்குப்பின் வெகுநேரம் ஆயிற்று. அது வரையில் மூவரும் அவ்விடத்தை விட்டு அசையாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரம் ஒன்று வைத்து, எந்தக் குழு விரைவில் அவிழ்த்தது என்று பலகையில் காட்டினால் சுவாரசியம் கூடும் என்று அன்பர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். நான் இணங்கவில்லை. பிழையான அமைப்புகள் 127 இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றுக்கு மனிதர்கள் மிக நன்றாக ஆடுகிறார்கள். ஒரு கட்டம் தள்ளி இடறும் கைதட்டலுக்குத் தோளைக் குலுக்கி ஆடும் ஆட்டத்தை, கடிகாரத்துக்குப் பயந்து யாரும் விட்டுவிடுவதை நான் விரும்பவில்லை.

இழுப்பறைக்குள் பரிசு என்று எதுவும் இல்லை. உதிரி மணிகளும், எலாஸ்டிக் நூலும், ஒரு கத்தரிக்கோலும் இருக்கும். இழுப்பறை திறந்த பின்பு பெட்டி புதிராக இருப்பதை நிறுத்திக்கொண்டு, நால்வரும் கோத்து மாட்டும் எந்தத் தாளத்தையும் வாசிக்கும் வாத்தியமாகிவிடுகிறது. அப்படி மேஜையடியில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, வீட்டிலிருக்கும் தம் சிறு மகளுக்குப் பதினாறு மணி வளை தளர்ந்து விழுந்துவிடும், பன்னிரண்டு போதும், அதைப் பெட்டி வாசிக்குமா என்று கேட்டார். குமிழ் பதினாறுக்கு அளவெடுத்துச் செய்தது, வாசிக்காது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பன்னிரண்டு மணி வளையும் பதினாறு மணி வளையும் ஏககாலத்தில் ஓடினால், 48 கட்டங்கள் கழிந்தபின், முன்னது நான்கு சுற்றும் பின்னது மூன்று சுற்றும் முடித்தபோதுதான் இரண்டும் மீண்டும் புறப்பட்ட நிலைக்கு வந்து சந்திக்கும். கிக் நான்குக்கு ஒன்றாகையால் குழந்தையின் வளையிலும் மாறாமல் ஒலிக்கும். பேஸைப் பன்னிரண்டில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேறிடத்தில் விழும். அடுத்த மேஜையில் ஐந்தாவது வட்டம் ஒன்று, பன்னிரண்டு பொத்தான்களோடு, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்; அதற்கான பலகையை அறுத்தாகிவிட்டது, துளைகள் போடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.